முன்சக்கரத்து எலுமிச்சம்பழம்

“திவாலான கம்பெனி நாளையிலிருந்து மறுபடியும் ஓடப்போவுது! மொத ட்ரிப்பே உனக்குத்தான். முன்சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்காம எடுத்துடாதடா!” மாரண்டஹள்ளி வீட்டில் மகன் அன்புவின் பையில் பழத்தைத் திணித்தாள் முனியம்மாள்.

“சரிம்மா. சம்பளம் மட்டும் இப்போதைக்குப் பாதிதான்.”

“வேற கம்பெனிக்காரங்க முழுசா தர்றேன்னாங்களே, போயிருக்கலாமில்ல?”

“கூட இருந்தவங்க ஒருத்தரும் போவல. நான் மட்டும் போவனா?”

மறுநாள் காலை பெங்களூரில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அன்பு பழத்தோடு முன்சக்கரத்தருகே குனிந்தான். அங்கே ஏற்கெனவே நான்கு பழங்கள் வரிசையாக இருந்தன!

கூட ஓட்ட வந்திருந்த ஜாஸ்மின் பின்னாலிருந்து சிரித்தாள்.

“நாலாவது என்னோடதுங்க, கேப்டன்! நான் சர்ச்சுக்குப் போறவதான். ஆனா நம்ம பிளேன் மறுபடியும் பறக்கணுமில்ல?”