முகக்கம்பி

"மெசின் பழுது" என்றான் ஜூலியன்.

அப்போதுதான் வெல்டிங் பண்ணி முடித்த சைக்கிள் ஸ்டாண்ட் அவன் காலடியில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான்.

பக்கத்து வீட்டு யூட் தன் கையிலிருந்த இரும்புத் தலைக்கவசத்தைத் தூக்கிக் காட்டினான்.

"திங்கட்கிழமை 'தாராளமா வா' எண்டு சொன்னனீ. நாளைக்குச் சண்டை. முகத்துக் கம்பியெல்லாம் விட்டுப்போச்சு. கொஞ்ச நேர வேலைதானே!"

"பழுதெண்டால் பழுதுதான். நான் என்ன செய்ய?" யூட்டின் முகத்தைப் பார்க்காமலே ஜூலியன் கராஜ் கதவை இறக்கிவிட்டான்.

யூட்டுக்கு நாற்பது வயது. டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்து ஜன்னல் தொழிற்சாலை ஒன்றில் வேலை. லீவு நாட்களில் டெனிஷ்காரரோடு சேர்ந்து, பழைய காலத்துப் போர்வீரர் மாதிரிக் கவசம் போட்டு வாள்சண்டை விளையாடுவான். வாள் மொட்டைதான், ஆனால் அடி நிஜம். முகத்துக்குக் கம்பி இல்லாத ஒருவரையும் களத்துக்குள் விடமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினான்.

"ஊருக்கெல்லாம் குடுக்கிறான், எனக்கு மட்டும் பழுதாம். பச்சைப் பொய்யன்!"

"வெல்டிங் இல்லாமல் செய்யேலாதோ?" என்று கேட்டாள் மனைவி ஜெசிக்கா.

"செய்யலாம். கம்பி நுனியைத் தட்டித் தட்டையாக்கி, துளை போட்டு, ஆணி அடிச்சு இறுக்கலாம். ஆனால் அதுக்குப் பெரிய ட்றில் வேணும். ஆணி அடிக்கேக்க உள்ளுக்கு இரும்பைக் குடுத்துப் பிடிக்க இன்னொரு ஆளும் வேணும்."

"உங்கட அண்ணையிட்ட ட்றில் இருக்கு. ஆளும் அவர்தான்."

யூட் தலைக்கவசத்தை மேசையில் வைத்துவிட்டான்.

இரண்டு வருடத்துக்கு முன், யூட்டின் மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய கொண்டாட்டத்தில் அண்ணன் மரியதாசன் எல்லோருக்கும் முன்னால் சிரித்தார். "நாங்கள் சண்டைக்குப் பயந்து இஞ்ச ஓடி வந்தம். இவன் காசு கட்டிச் சண்டை பிடிக்கிறான்!"

யூட்டுக்குச் சுருக்கென்றது. "ஓடி வந்த கோழைக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?" என்று விட்டான். ஊரில் சண்டை வந்தபோது ஏழு வயதுத் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அந்த அண்ணன்தான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

"அங்க என்ன முகத்தோட போறது?" என்றான் யூட்.

"இருக்கிற முகத்தோட போங்கோ. கம்பி இல்லாட்டி நாளைக்கு அதுவும் மிஞ்சாது."

மரியதாசன் கதவைத் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன?"

"ட்றில் வேணும்."

தலைக்கவசத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "வெல்டிங் பண்ணேல்லையோ?"

"ஜூலியன்ர மெசின் பழுதாம்."

"ம்" என்றவர் கீழறைக்குப் படியிறங்கினார். யூட்டும் பின்னால் போனான்.

தம்பி கம்பி நுனிகளைத் தட்டினான், அண்ணன் துளை போட்டார். ட்றில் போட்ட சத்தத்தில் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. ட்றில் நின்றதும்தான் சங்கடமாக இருந்தது.

"நான் பிடிக்கிறன். நீ அடி."

தலைக்கவசத்துக்குள் ஒரு கையால் இரும்புக் கட்டியைக் கொடுத்து, மற்றக் கை விரல்களால் கம்பியை விலகாமல் அழுத்திப் பிடித்தார். ஆணிக்கும் அந்த விரல்களுக்கும் இடையில் ஒரு விரற்கடை இடம்கூட இல்லை. முதல் ஆணி இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. யூட் மூச்சு விட்டான், மறுபடி ஓங்கினான்.

சுத்தியல் வழுக்கியது.

மரியதாசன் பல்லைக் கடித்தார். பெருவிரல் நகத்தடியில் இரத்தம் கசிந்தது. ஆனால் பிடியை விடவில்லை.

"ஐயோ, அண்ணை!" யூட் சுத்தியலைக் கீழே போட்டான். "விடுங்கோ, கையை எடுங்கோ!"

"விட்டால் கம்பி விலகிப் போடும். அடி."

"அடிக்க மாட்டன்." யூட்டின் குரல் உடைந்தது. "அண்டைக்கு நான் சொன்னது பெரிய பிழை அண்ணை. என்னைத் தூக்கிக்கொண்டு ஓடின ஆளைப் பாத்து நான்..."

மரியதாசன் தலைக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும்தான் சபையில உன்னை நக்கலடிச்சனான். என்ர வாயும் சும்மா இருக்கேல்லை. இப்ப அடி, கை உளையுது."

யூட் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுத்தியலை எடுத்தான். கடைசி ஆணியும் இறங்கியது. மரியதாசன் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

யூட்டுக்கு அண்ணனின் விரலைப் பார்க்கப் பார்க்க மறுபடி கோபம் ஏறியது.

"எல்லாம் அந்தப் பொய்யனால வந்தது. ஜூலியனை இனி என்ர வாசல்படி மிதிக்க விடமாட்டன்!"

"அவனை ஏசாதை, தம்பி." மரியதாசன் விரலுக்குத் துணி சுற்றியபடியே தலையைக் குனிந்துகொண்டார். "உனக்கு மெசின் குடுக்கப் போறனெண்டு சந்தோசமாத்தான் வந்து சொன்னவன். நீ வந்து கேட்டால் பழுதெண்டு சொல்லடா, அப்பத்தான் ட்றில்லுக்கு என்னட்ட வருவான் எண்டு, அவனைக் கெஞ்சிக் கேட்டது நான்தான்."