ஒண்ணே ஒண்ணுதான்

என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்கள் மேல் ஆணை, இதில் ஒரு எழுத்துகூடப் புளுகு கிடையாது.

சூதாட்டத்தை விட்டவர்கள் சங்கத்தில் மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டுதான் கூட்டம் நடக்கும். கூரை மாற்றப் பணம் வேண்டும். தலைவர் ரொம்ப யோசித்து, அதிர்ஷ்டக் குலுக்கல் என்று அறிவித்துவிட்டார்! பரிசு, சங்கத்து உறுப்பினரான தச்சர் இனாமாகச் செய்து கொடுத்த மர பீரோ.

பீரோ எதற்கென்று தெரிந்ததும் தச்சர் குதித்தார். "குடியை விட்டவனுக்குச் சாராயக் கடையில பாராட்டு விழாவா?"

யார் கேட்டார்கள்?

குலுக்கல் அன்று தச்சர் சம்சாரம் பெட்டியும் கையுமாக மேடை ஏறிவிட்டார்.

"ஸ்கூட்டர் எங்கய்யா?"

"வித்துட்டேன்."

"வித்து?"

தச்சர் பையைக் கவிழ்த்தார். கட்டுக் கட்டாகக் குலுக்கல் சீட்டு!

"பார்த்தீங்களா இந்த அநியாயத்தை! 'ஒண்ணே ஒண்ணுதான்'னு சொல்லிச் சொல்லியே என் நகையெல்லாம் ரம்மியில விட்ட மனுஷன். நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்!"

"இருடி. நம்ம பசங்க கையில ஒரு சீட்டு போனாப் போதும், நாளைக்கே பழைய ஆட்டத்துக்கு ஓடிடுவானுங்க. அதான் மொத்தத்தையும் நானே வாங்கிட்டேன். எல்லாச் சீட்டும் ஒருத்தன்கிட்டயே இருந்தா அது சூதாட்டமா, நீயே சொல்லு?"

எங்களுக்குத் தலை சுற்றியது. சூதாட்டமா, நன்கொடையா? பீரோவைத் தானே செய்து தானே ஜெயிப்பது எதில் சேர்த்தி? தலைவர் வழுக்கையைச் சொறிந்தார். அந்தம்மா பெட்டியைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"ஒரு சீட்டு மட்டும் எனக்கு முன்னாடியே போயிடுச்சாம்" என்று தச்சர் பல்லைக் கடித்தார். "எந்தப் படுபாவி வாங்கினானோ!"

தலைவர் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு எண்ணை வாசித்தார்.

தச்சர் தேடினார். இல்லை. கட்டுகளையெல்லாம் பிரித்துப் போட்டுத் தேடினார். இல்லவே இல்லை.

அண்ணன் வீட்டுக்குக் கிளம்பியவர் மெதுவாகக் கைப்பையைத் திறந்தார். புருஷன் முகத்தைப் பார்க்காமல் ஒரு சீட்டை நீட்டினார்.

"கூரைக்குத்தானேன்னு... ஒண்ணே ஒண்ணுதாங்க!"

சொன்னது நான்தான் என்று எங்கேயும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்தச் சங்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. இப்போதுதான் அதன் மேல் ஒழுகாமல் இருக்கிறது.