நிறுத்திய காரணம்

காரணம் இல்லாத பெயர்களைப் புதிய மென்பொருள் ஏற்க மறுத்தது.

வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் நிறுவனம் அது. பின்னறையில் இரைந்துகொண்டே கிடந்த பழைய சர்வரிலிருந்து வாடிக்கையாளர் விவரம் முழுவதையும் கிளவுடுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொறுப்பு அவளுடையது. மாலைக்குள் முடித்தாக வேண்டும். நாளை முதல் புதிய மென்பொருள் சொல்லும் வீடுகளுக்குத்தான் வண்டிகள் போகும்.

இப்போது சிலிண்டர் வாங்குகிறவர்களின் விவரமெல்லாம் காலையிலேயே பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. நிறுத்திவிட்டவர்களிடம்தான் சிக்கல்.

பழைய சர்வரில் 'நிறுத்தம்' என்று போட்டால் போதும். புதியது ஏன் என்று கேட்டது. இறப்பு, வீடு மாற்றம், வேறு நிறுவனம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டுக் கேட்டுப் பெரும்பாலானவற்றை நிரப்பியாயிற்று. அவர்களுக்கும் தெரியாத பெயர்கள் ஒரு பக்கம் நிறைய மிஞ்சின.

எல்லாவற்றுக்கும் இறப்பு என்றே போட்டுவிடச் சொன்னார் முதலாளி.

"ஆக்சிஜனை வேற எதுக்கும்மா நிறுத்துவாங்க?"

கல்நெஞ்சக்காரர் அல்ல அவர். வேலை முடிந்தால் போதும் என்றாகிவிட்டது அவருக்கு.

இறப்பு என்று போட்ட மறுநிமிடம் அந்த வீட்டுக்கு மென்பொருள் தானாகவே ஓர் இரங்கல் செய்தி அனுப்பும். வீடு மாறிப் போன ஒருவர் தனக்கே வந்த இரங்கலைப் படிக்கட்டுமா என்று கேட்டாள். முதலாளி மூக்கைச் சொறிந்துகொண்டே எழுந்து போனார்.

அந்தப் பக்கத்தை அவளே எடுத்துக்கொண்டாள்.

எதிர் மேசையில் கமா உட்கார்ந்திருந்தார். கோப்பில் ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் வந்த பெயர். பாதி வீடுகளுக்குத் தான் பேசுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றாள்.

மேசை போனில் முதல் எண்ணைப் போட்டாள். மாமனார் போய்விட்டதாக ஒரு பெண் சொன்னாள். அடுத்த வீட்டில் எடுத்தவர் பேசப் பேச அழத் தொடங்கிவிட்டார். அவர் ஓயும்வரை அவள் போனை வைக்கவில்லை.

வைத்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

மூன்றாவது எண் நெடுநேரம் அடித்தது. வைக்கப் போகும்போது ஓர் ஆண் குரல், மேல்மூச்சு கீழ்மூச்சாக, யார் என்று கேட்டது.

நிறுவனத்தின் பெயரைச் சொன்னாள். சிலிண்டர் வாங்கிக்கொண்டிருந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் இப்போது என்று இழுத்தாள்.

"நான்தாங்க அது. கொஞ்சம் இருங்க, மாடி ஏறி வந்தேன். மூச்சு வாங்குது."

பிறகு அவரே சிரித்தார்.

"முன்னாடி உங்ககிட்ட காசு குடுத்து வாங்கினேன். இப்ப சும்மாவே வாங்குது."

அவளுக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டாராம். சிலிண்டர் நின்ற மூலையில் இப்போது மகளின் தையல் மெஷின் இருக்கிறதாம். படி ஏறினால் மனைவி திட்டுகிறாளாம், அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து ஏறினாராம்.

அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். முதலில் எவ்வளவு நேரம் கழற்றி வைத்தீர்கள், தூக்கத்திலும் வேண்டியிருக்கவில்லையா, பயமாக இல்லையா. மென்பொருள் கேட்காத கேள்விகள். கமா தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

போனை வைத்துவிட்டுக் காரணக் கட்டத்தைத் திறந்தாள்.

இறப்பு. வீடு மாற்றம். வேறு நிறுவனம்.

அவளும் கமாவும் எழுதிக்கொடுத்தவைதான். கூட்டம் போட்டு எல்லோரும் பார்த்துத் தலையாட்டியவை. இன்னொரு காரணம் இருக்கக்கூடும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றாள். இன்றைக்கேவா என்றார் கமா. இன்றைக்கேதான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற மென்பொருள்காரர்களோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினாள்.

'குணமானார்.'

இதற்கும் ஒரு செய்தி போக வேண்டுமே என்றார் கமா. யோசிக்காமல் அவளே தட்டினாள்: 'இனி நாங்கள் உங்களுக்குத் தேவைப்பட மாட்டோம். எங்களுக்கு மிகவும் சந்தோஷம்.'

கமா அதில் எதையும் திருத்தவில்லை.

சோதித்துப் பார்க்க, இப்போது சிலிண்டர் வாங்குகிற யாராவது ஒருவரின் விவரத்தை நகலெடுக்க வேண்டும். நகல்தான், உண்மையான விவரத்தில் கை படாது. ஆனால் செய்தி நிஜமாகவே போய்விடும், யார் வீட்டையும் குழப்பிவிடக் கூடாதே என்று கமா தயங்கினார்.

அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். எந்தப் பட்டியலையும் பார்க்காமல் ஒரு வாடிக்கையாளர் எண்ணை அடித்தாள். 'குணமானார்' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாள்.

அவளுடைய கைப்பைக்குள் போன் ஒலித்தது.

கமா திரையைப் பார்த்தார். தொடர்புக்கு: மனைவி. அதற்கு எதிரே இருந்த எண், அவர் தினமும் அவளை அழைக்கிற எண்.

பிறகு, வழக்கமான குரலில், சோதனை சரியாக இருக்கிறது என்றார்.

"நகலை அழிச்சிடட்டுமா மேடம்?"

அவள் போனை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க அழிச்சிடுங்க சார்," என்றாள். "இங்க இருக்கட்டும்."