காது மெஷினில் சார்ஜ்

என் கணவரின் கம்ப்யூட்டரை விற்றுவிடலாம் என்று மகன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தான். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க, மெக்கானிக் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினார். பிராசசர், மெமரி, டிஸ்க் என்று வரிவரியாக வந்தன.

"கடைசியில ஒரு காது மெஷின் காட்டுதும்மா. இப்பவும் இணைப்புல இருக்கு. சார்ஜ் நூறு."

"அப்பா என்னைக்கு அதுக்கு முழுசா சார்ஜ் போட்டாரு?" என்று சிரித்த மகன் சட்டென்று நிறுத்தினான். சவப்பெட்டியை மூடுமுன் அதை அவர் காதில் மாட்டிவிட்டது அவன்தான்.

மெக்கானிக் மறுபடி தட்டினார். அந்த வரி போகவில்லை.

"பழசு ஏதோ தங்கிடுச்சு. அழிச்சிடட்டுமா?"

"கைய வைக்காதீங்க!" என்று தடுத்தேன்.

அவர் இருந்தவரை என் பேச்சு செவிடன் காதில் ஊதிய சங்குதான். நான் கத்தினால் தெருவுக்கே கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது. இப்போது கம்ப்யூட்டர் மைக்கின் அருகே குனிந்து, மெல்லத்தான் கேட்டேன்.

"என்னங்க, கேக்குதா?"

மெக்கானிக் மூன்றாம் முறை தட்டினார்.

"சார்ஜ் இப்போ தொண்ணூத்தொம்பது" என்றார்.

"விக்கலைங்க" என்ற மகன், எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். மகாராணி மாதிரி உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.