ஜான்சனின் செருப்பு

எழுத்தாளர் பிரிசில்லா வளர்ந்த ஆம்பூர் வீடு மூன்று வருடங்களுக்கு முன் அருங்காட்சியகமானது. ஷூ கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, மகளுக்கும் மகன் ஜான்சனுக்கும் தைத்துத் தந்த தோல் செருப்புகள் அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. ஜான்சன் ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனவன்.

இந்த வருடம் அவர்களுடைய அம்மா அமிர்தவள்ளி வந்தபோது, காப்பாளர் நிசார் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“தம்பி செருப்பு ஏழு அங்குலம்னு ரிஜிஸ்டர்ல இருக்கும்மா. இப்ப ஒம்போது. ரெண்டு தடவ பெட்டிய மாத்திட்டோம்.”

அமிர்தவள்ளி மகனின் செருப்புகளைக் கையில் வாங்கினாள். குதிகால் பக்கம் புதிதாகத் தேய்ந்திருந்தது. அவற்றை வெகுநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு அழுதுகொண்டே கேட்டாள்.

“இவ்ளோ தூரம் நடந்துனு இருக்கானே, யாருப்பா அவனுக்குச் சோறு போடறாங்க?”