காற்று திரும்பினால்

தெஹியோவிட்ட தோட்டத்துப் பெண்களைக் காலிக் கோட்டைக்குச் சுற்றுலா கூட்டி வந்திருந்தாள், தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஷாமிளா டீச்சர். மற்றவர்கள் கடலைப் பார்க்கப் போனார்கள். அன்னலட்சுமி மட்டும் பாய்மரக் கப்பல் மியூசியத்துக்குத்தான் போகவேண்டும் என்றாள். டீச்சர் துணைக்குப் போனாள்.

வாசலில் ஒரு பெண் டிக்கெட் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற வழிகாட்டியின் சட்டையில் 'பிரதீப்' என்று பெயர் இருந்தது.

"மெஹாட்ட எண்ட, அம்மே" என்று அருகே அழைத்து, சிங்களத்தில் விளக்கத் தொடங்கினான்.

அன்னலட்சுமியும் சிங்களத்திலேயே ஒவ்வொரு கப்பலாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இது எங்கே போனது? எப்போது திரும்பி வந்தது?

"காற்று திரும்பினால்தான் பாய்க்கப்பல் திரும்பும், அம்மே."

ஒரு மணி நேரம் ஆயிற்று. டீச்சர்தான் அவளைப் பஸ்ஸுக்கு இழுத்து வந்தாள்.

"கப்பல் மேல இவ்வளவு ஆசையா ஒங்களுக்கு?"

"கப்பல எங்க பாத்தேன் டீச்சர்? அவன் அம்மான்னு கூப்புடுறதத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"சிங்கள ஆளுங்க வயசானவங்க எல்லாரையும் அப்படித்தானே கூப்புடுவாங்க?"

அன்னலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"டிக்கெட் குடுத்துச்சே ஒரு புள்ள, அது என் மருமக. தாய் செத்துப்போச்சின்னு சொல்லித்தான் எங்க பிரதீபன் அதக் கட்டியிருக்கான். அது பாத்துக்கிட்டு நிக்கிறப்ப, வேற எந்தப் பாசையில டீச்சர் அவன் என்னைய அம்மான்னு கூப்புடுவான்?"