இடது கைக்கு அடியில் ஒரு மேளம்

இடது அக்குளில் மேளத்தை இடுக்கி, குச்சியால் தட்டி அழுத்தினாள்.

குரல் ஏறியது. கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போய் உச்சியில் நின்றது.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. காதுக்குக் கேட்டது, திரையில் எண் ஓடியது, அவ்வளவுதான். கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு மேளம் இருக்கிறது என்பதைக் குனிந்து பார்த்துத்தான் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

நைஜீரியாக்காரர்களின் பேசும் மேளம் அது. உடுக்கை போல இடை ஒடுங்கியது. இரண்டு முகங்களையும் தோல் வார்கள் இழுத்துப் பிடித்திருக்கும். வார்களை அக்குளில் வைத்து நெருக்கினால் குரல் ஏறும், தளர்த்தினால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்திலேயே ஆளின் பெயரைச் சொல்வார்கள், வாழ்த்துவார்கள், வம்புக்கும் இழுப்பார்கள்.

அவள் வடிவமைத்தது அதன் புதிய பிறவி. மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக். தோல் வாருக்குப் பதில் ரப்பர் பட்டையும் உலோகக் கொக்கியும். உள்ளே அழுத்தத்தை அளக்க ஒரு சென்சார்.

மீதி இருந்தது ஓர் எண். எவ்வளவு அழுத்தினால் குரல் உச்சிக்குப் போக வேண்டும் என்கிற எண். இன்று மாலை அது தொழிற்சாலைக்குப் போக வேண்டும். முதல் ஆயிரம் மேளங்களுக்கும் அதுதான்.

ஒரு மாதமாக அவளே அழுத்திப் பார்த்து, திரையில் வந்த எண்ணை அவளே சொன்னாள். கணினியில் ஏற்றுகிறவன் ஜெரால்டு. அவனுக்கு மேளம் என்றால் கல்யாண மண்டபத்தில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய சங்கதி. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏற்றிக்கொண்டே இருந்தான்.

அதற்கு முந்தைய இரண்டு மாதம் அவள் விடுப்பில் இருந்தாள்.

சின்ன ஆபரேஷன் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தாள். ஒரு பெண் அப்படிச் சொன்னால் ஆண்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. அது ஒரு வசதி.

இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கூடவே ஒரு நரம்பும் போய்விட்டது. உணர்ச்சி வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஞாயிறு மதியங்களில் மகள் அந்தக் கையில்தான் தலை வைத்துப் படுப்பாள். இப்போதும் படுக்கிறாள். கனம் தெரிவதில்லை. திரும்பிப் பார்த்தால் பிள்ளை இருக்கிறாள்.

அந்தக் கனம் மட்டும் திரும்பி வந்தால் போதும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை. அழக்கூட இல்லை. அழுகையும் அந்த நரம்போடு போய்விட்டதோ என்னவோ.

கதவு திறந்தது. அயான்டேலே உள்ளே வந்தார்.

காலையில்தான் நைஜீரியாவின் இபாதானிலிருந்து சென்னையில் வந்து இறங்கியவர். முப்பது வயதிருக்கும். கல்யாண வீடுகளில் பேசும் மேளம் வாசிப்பதுதான் பிழைப்பு. அவர் வாசித்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டால் வேலை முடிந்தது.

மேளத்தை வாங்கினார். வளைந்த குச்சியால் தட்டி, அழுத்தினார்.

குரல் ஏறவில்லை.

இன்னும் அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது, கொக்கி குத்தி முகம் சுளித்தது. குரல் அரை அடி எழுந்து படுத்துக்கொண்டது.

மின்சாரம் வருகிறதா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

வந்துகொண்டுதான் இருந்தது.

இதை வைத்து ஒரு மாப்பிள்ளையின் பெயரைக்கூடச் சொல்ல முடியாது என்றார். பிறகு, நீங்கள் எப்படி அழுத்துகிறீர்கள், காட்டுங்கள் என்று அவளிடமே நீட்டினார்.

அவள் வாங்கி இடுக்கிக்கொண்டு தட்டினாள். அழுத்தினாள். குரல் ஏறியது. உச்சிக்குப் போன பிறகும் அவள் விடவில்லை. தினமும் செய்வதுதான்.

“அக்கா, கையை எடுங்க. ரத்தம் வருது.”

ஜெரால்டு எழுந்து நின்றிருந்தான்.

குனிந்து பார்த்தாள். பச்சைக் குர்தியின் அக்குள் கருத்து நனைந்திருந்தது. கொக்கி துணியையும் தாண்டிப் போயிருந்தது. அந்தக் கையில் ஓர் ஊசிகூடக் குத்தக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள்.

பயப்பட வேண்டிய இடம். பயம் வரவில்லை. யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பது போல இருந்தது.

அயான்டேலே மேளத்தை மெல்ல விடுவித்து எடுத்தார். தன் கைக்குட்டையை மடித்துக் கொடுத்தார்.

முதலுதவிப் பெட்டியை எடுக்கத் திரும்பிய ஜெரால்டு திரையைப் பார்த்து நின்றுவிட்டான். ஒரு மாதத்து எண்கள் வரிசையாக இருந்தன. அவனே ஏற்றியவைதான், ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

முதல் நாள் நாற்பது. ஒரு வாரம் கழித்து ஐம்பத்தைந்து. பிறகு எழுபது. நேற்று தொண்ணூற்றாறு.

ஒரு நாள்கூட இறங்கவில்லை.

அவள் கைக்குட்டையை அக்குளில் வைத்துக் கையை மூடிக்கொண்டாள். இந்த மாத வேலை முழுவதும் வீண். இன்று மாலை எதுவும் போகப்போவதில்லை. ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள், இந்த முறை சொல்லித்தான் ஆக வேண்டும்.

“அவர் கையை வச்சு அளந்துக்கோ ஜெரால்டு. முதல்லேர்ந்து.”

அவன் முதலுதவிப் பெட்டியோடு அவள் பக்கம் வந்தான்.

“இவ்வளவு ஆழமா குத்தியிருக்கே. உங்களுக்கு வலிக்கவே இல்லையாக்கா?”

“வலிக்கும்னுதான் இத்தனை நாளா அழுத்திப் பாத்தேன்” என்றாள்.